ஆப்டோமெட்ரிஸ்ட் வேலை: கோலாலம்பூரில் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்துவிட்டால் போதும், கண்ணாடி மாற்ற வருகிற பெற்றோர்கள் பரிசோதனை முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். "மிஸ், இந்த வேலைக்கு என்ன படிக்கணும்? என் மகளுக்கு சயின்ஸ் நல்லா வரும்" என்று தொடங்குவார்கள். வெளியே ஆள் காத்திருக்கும்போது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் வேலை செய்கிற என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டு, ஆற அமரப் பதில் எழுதியிருக்கிறேன். கண் காட்ட வருகிறவர்கள் கேட்பதும் நடுவில் உண்டு. அந்தப் பதில்களிலும் இந்த வேலைக்கு என்ன வேண்டும் என்பது தெரியும்.

ஆப்டோமெட்ரிஸ்ட் யார்? கண் டாக்டரா, கண்ணாடிக் கடைக்காரரா?

இரண்டும் இல்லை. கண் டாக்டர் என்பவர் மருத்துவம் படித்து, பிறகு கண்ணில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். அறுவை சிகிச்சை செய்வார், மருந்து எழுதுவார். ஆப்டீஷியன் கண்ணாடி செய்து பொருத்துகிறவர். ஆப்டோமெட்ரிஸ்ட் பட்டப்படிப்பு முடித்து, பார்வையை அளந்து, கண்ணாடியோ காண்டாக்ட் லென்ஸோ முடிவு செய்கிறவர். இரண்டு கண்ணும் ஒத்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதும், நோயின் அறிகுறி இருந்தால் கண்டுபிடித்து டாக்டரிடம் அனுப்புவதும் அவர் வேலைதான்.

மலேசியாவில் இதற்கென்றே 1991-ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டம் (சட்டம் 469) இருக்கிறது. அதன்கீழ் மலேசிய ஆப்டிகல் மன்றத்தில் பதிவு செய்துகொண்டவர்தான் தொழில் செய்யலாம். தொழில் செய்வதற்கான சான்றிதழையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த முறை கண்ணாடிக் கடைக்குப் போனால் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் கொஞ்சம் பாருங்கள். யார் உங்கள் கண்ணைப் பார்க்கிறார், அவர் எதற்குப் பதிவு பெற்றவர் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

எங்கே படிக்கலாம்?

கோலாலம்பூருக்குள்ளேயே மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின், அதாவது யூ.கே.எம்.மின், நகர வளாகம் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜிஸில் இருக்கிறது. ஆப்டோமெட்ரி நான்கு ஆண்டு பட்டப்படிப்பு. குவாந்தானில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும், பூஞ்சாக் ஆலாமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூ.ஐ.டி.எம்.மிலும் இந்தப் படிப்பு உண்டு. ஆனால் யூ.ஐ.டி.எம். பூமிபுத்ரா, அதாவது மலாய்க்கார, பூர்வகுடி மாணவர்களுக்கானது. தனியார் பக்கம் செகி, எம்.எஸ்.யூ. போன்றவை இருக்கின்றன. நம் பிள்ளைகள் பெரும்பாலும் யூ.கே.எம்.முக்கு முயற்சி செய்வார்கள், கிடைக்காவிட்டால் தனியாருக்குப் போவார்கள். எஸ்.பி.எம்.முக்குப் பிறகு நேராகச் சேர முடியாது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அசாசி ஆகியவற்றில் ஒன்றை முடிக்க வேண்டும்.

தனியார் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பட்டத்தை வைத்து ஆப்டிகல் மன்றத்தில் பதிவு செய்ய முடியுமா? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதிவு கிடைக்காத பட்டத்தை வைத்துக்கொண்டு இந்தத் தொழில் செய்ய முடியாது.

என் மகனுக்கு பயோலஜி பிடிக்கும், பிசிக்ஸ் என்றாலே ஓடுகிறான். சரிப்படுமா?

ஓடாமல் நின்றால் சரிப்படும். முதல் இரண்டு ஆண்டில் ஒளியியல் நிறையவே இருக்கும். அது பரீட்சைக்காக மட்டும் படிக்கிற பாடம் இல்லை, தினமும் கையில் வருகிற கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒருவருக்கு மைனஸ் 6.00 பவர். அவர் கண்மணிக்கு நேராக இருக்க வேண்டிய லென்ஸின் மையம் 5 மில்லிமீட்டர் தள்ளிப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அரை சென்டிமீட்டரை ஆறால் பெருக்கினால் மூன்று. அதாவது அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்காத பிரிசம், ஒளியை ஒரு பக்கம் திருப்புகிற விளைவு, மூன்று அளவுக்கு அந்தக் கண்ணாடியில் புகுந்துவிட்டது. பவர் சரியாகத்தான் இருக்கும், எழுத்தும் தெரியும். ஆனால் மாலையானால் தலைவலி. "புதுக் கண்ணாடி பழகவே இல்லை" என்று வந்து நிற்பார்.

இன்னொரு கணக்கும் அடிக்கடி வரும். கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. காண்டாக்ட் லென்ஸோ கண்ணின் மேலேயே உட்காருகிறது. மைனஸ் 10.00 கண்ணாடி போடுகிறவருக்கு அதே எண்ணில் காண்டாக்ட் லென்ஸ் கொடுத்தால் பவர் கூடிப்போகும். ஏறக்குறைய மைனஸ் 9.00 போதும். இதெல்லாம் பெரிய கணிதம் இல்லை, பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். ஆனால் ஒளி எங்கே போய் விழுகிறது என்று மனதுக்குள் பார்க்கத் தெரிய வேண்டும். பயோலஜியை மனப்பாடம் செய்தே தேறிய பிள்ளைகள் இந்த இடத்தில் திணறுவார்கள்.

இப்போதெல்லாம் மெஷினே பவரைச் சொல்லிவிடுகிறதே, அப்புறம் நீங்கள் எதற்கு?

எல்லோரும் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்விதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தாடையை வைத்து உள்ளே பார்க்கச் சொல்லும் அந்த மெஷினில் பலூன் படமோ வீட்டுப் படமோ தெரியும். அது சில விநாடியில் ஓர் எண்ணைக் கொடுக்கும். அந்த எண் ஆரம்பம்தான். சின்னப் பிள்ளைகளின் கண் உள்ளே பார்க்கும்போது கிட்டத்தில் பார்ப்பதுபோல் இறுகிக்கொள்ளும். அதனால் இல்லாத கிட்டப்பார்வையை மெஷின் காட்டும், இருப்பதைக் கூட்டியும் காட்டும். அப்படியே எழுதிக் கண்ணாடி கொடுத்தால் பிள்ளைக்குத் தேவையில்லாத பவர் ஏறிவிடும்.

அதனால்தான் ரெட்டினோஸ்கோப் என்ற சின்னக் கைவிளக்கை இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம். அறையை இருட்டாக்கி, அதன் ஒளிக்கீற்றைக் கண்மணிக்குள் விட்டு மெல்ல அசைத்தால் உள்ளேயிருந்து ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் திரும்பி வரும். நாம் அசைக்கிற பக்கமே அதுவும் போகிறதா, எதிர்ப்பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு லென்ஸாக முன்னால் வைத்துக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் அசைவு நின்று கண்மணி முழுக்க ஒரேயடியாக ஒளிரும். அங்கே கிடைத்த எண்ணிலிருந்து நாம் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்கான பவரைக் கழிக்க வேண்டும். 67 சென்டிமீட்டர் தூரம் என்றால் 1.50. பேசத் தெரியாத குழந்தைக்கும், பக்கவாதத்தால் பேச்சுப் போன தாத்தாவுக்கும் இப்படித்தான் பவர் பார்க்கிறோம். இது கைக்கு வருவதற்கு நாளாகும். முதல் ஆண்டு மாணவர்களுக்கு அந்த வெளிச்சம் போகிற திசையே பிடிபடாது. திடீரென்று ஒரு நாள் தெரிய ஆரம்பிக்கும்.

அதன் பிறகும் வேலை முடியவில்லை. இளவயதுக்காரர்களுக்கு மைனஸைக் கொஞ்சம் கூட்டினால் பிடிக்கும், எழுத்து கறுகறுவென்று தெரியும். அவர்கள் கண் கூடுதலாக உழைத்து அதைச் சமாளித்துவிடும். அதனால் "இது தெளிவா இருக்கா?" என்று கேட்டால் போதாது. "தெளிவா ஆகுதா, இல்லை சின்னதா கறுப்பா மட்டும் ஆகுதா?" என்று கேட்க வேண்டும். பிறகு சிவப்பு, பச்சைக் கட்டம். கண்ணுக்குள் பச்சை ஒளி கொஞ்சம் முன்னால் குவியும், சிவப்பு கொஞ்சம் பின்னால் குவியும். பச்சையில் உள்ள எழுத்து மட்டும் கூடுதல் கறுப்பாகத் தெரிந்தால் மைனஸ் அதிகமாகிவிட்டது என்று சந்தேகப்பட்டுக் குறைத்துப் பார்ப்போம். மெஷின் கொடுத்த எண்ணுக்கும் கடைசியில் நான் எழுதுகிற எண்ணுக்கும் 0.50 வித்தியாசம் வருவது சாதாரணம். பிள்ளைகளிடம் அதைவிடக் கூடுதலாகவும் வரும்.

"ஒன்றா, ரெண்டா?" என்று கேட்கும்போது நான் தப்பாகச் சொல்லிவிட்டால்?

தப்பான பதிலே கிடையாது, பயப்படாதீர்கள். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்பதும் நல்ல பதில்தான். பல நேரம் நாங்கள் எதிர்பார்ப்பதே அதுதான். ஒரே கேள்வியை வேறு வழியில் திரும்பக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வோம்.

இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் பரீட்சை எழுதுவதுபோல் இறுகிப்போயிருப்பார். முதுகு நிமிர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். சுருக்கிப் பார்த்தால் எழுத்து தெரிந்துவிடும், அளவு பிசகிவிடும். அவரைத் தளர்த்துவதற்குக் குரல் வேண்டும். அவசரமில்லாத, இருட்டறையில் பயமுறுத்தாத குரல். இது பழக்கத்தில் வரும், ஆனால் மனிதர்களோடு பேசவே பிடிக்காதவருக்கு வராது.

சரி, இந்த வேலைக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான திறமை எது?

கேட்பது. விளக்கை அணைப்பதற்கு முன்னால் நடக்கும் பேச்சில்தான் பாதிப் பரிசோதனை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் பூக்கட்டுகிற ஓர் அம்மா வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது அறுபதுக்கு மேல். "கிட்டத்துல தெரியல, வாசிக்கிற கண்ணாடி வேணும்" என்பார். புத்தகத்தில் உள்ளபடி 40 சென்டிமீட்டரில் அட்டையைப் பிடித்து எழுத்தை வாசிக்கவைத்தால் பிளஸ் 2.50 கொடுக்கத் தோன்றும். அட்டையில் அழகாக வாசிப்பார், பணம் கட்டிவிட்டுப் போவார். மறுநாள் கடையில் உட்கார்ந்து நாரை இழுத்தால் பூ மங்கலாகத் தெரியும். ஏனென்றால் அவர் மடிக்கு மேலே கையை நீட்டிப் பூக்கட்டுகிறார். அந்தத் தூரம் 50 சென்டிமீட்டர், அதற்கு பிளஸ் 2.00 போதும். "என்ன வேலைம்மா செய்றீங்க? எப்படி உட்காருவீங்க, கையை வச்சுக் காட்டுங்க" என்று கேட்டிருந்தால் அவர் அங்கேயே காட்டியிருப்பார். நான் அந்தக் கையை அளவு நாடாவால் அளந்துவிடுவேன்.

லாரி ஓட்டுகிறவருக்குத் தூரமும் வேண்டும், டேஷ்போர்டும் வேண்டும். கோயிலில் தேவாரம் பாடுகிறவர் புத்தகத்தைத் தரையில் பலகைமேல் வைத்து வாசிப்பார். கணக்காளருக்கு இரண்டு கணினித் திரை. வயது ஒன்றுதான், பவரும் ஒன்றுதான், ஆனால் மூவருக்கும் வேறு வேறு கண்ணாடி.

பேச்சில் வேறு விஷயங்களும் வெளிவரும். "ஒண்ணுமில்ல மிஸ், கண்ணாடி மட்டும் மாத்தணும்" என்று வருகிறவர் பேச்சுவாக்கில் "ராத்திரியில லைட்டைச் சுத்தி வளையம் தெரியுது" என்பார். இன்னொருவர் "ஒரு வாரமா ஓரத்துல மின்னல் மாதிரி அடிக்குது" என்பார். இரண்டாவது ஆளுக்கு அன்றைக்குக் கண்ணாடி பற்றிய பேச்சே கிடையாது.

ஏன்? அவருக்கு என்ன செய்வீர்கள்?

கண்ணில் திடீரென்று மின்னல் அடிப்பது, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைப்பது: இவை விழித்திரை கிழிவதற்கும் பிரிவதற்கும் அறிகுறியாக இருக்கலாம். அன்றே கண் டாக்டர் பார்க்க வேண்டும். கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண் அழுத்தம் ஒரேயடியாக ஏறியிருக்கலாம். அதுவும் அன்றே. சாதாரணக் கண் அழுத்தம் 10-இலிருந்து 21 மில்லிமீட்டர் பாதரச அளவு. இப்படிப்பட்ட தாக்குதலில் அது பல மடங்கு ஏறிவிடும்.

இங்கே வேண்டிய திறமை எழுத்து. மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்தில் "தயவுசெய்து பார்க்கவும்" என்று மட்டும் எழுதி அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. எந்தக் கண், எப்போதிலிருந்து, பார்வை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எதைச் சந்தேகிக்கிறேன், எவ்வளவு அவசரம் என்று நாலைந்து வரியில் இருக்க வேண்டும். கோலாலம்பூர் மருத்துவமனை அவசரப் பிரிவில் அந்தக் கடிதத்தை வாங்குகிறவர் படித்ததும் ஆளை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய அது உதவ வேண்டும்.

அப்புறம், போகிறவரிடம் சொல்வதும் ஒரு திறமை. "அவசரம்" என்று மட்டும் சொன்னால் பயந்து போய் வீட்டில் உட்கார்ந்துவிடுவார். "ஒண்ணும் இருக்காது" என்றால் தீபாவளி முடிந்து போகலாம் என்று விடுவார். இன்றைக்கே ஏன் போக வேண்டும், யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று கேட்டு, மகனையோ மகளையோ போனில் பிடித்துப் பேசிவிட்டுத்தான் நான் அனுப்புவேன்.

இனிப்புநீர் இருக்கிறது. கண்ணாடி மாற்றலாமா?

நம் சமூகத்துக்கு மிகவும் வேண்டிய கேள்வி இது. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம்.

சீனி ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீரை இழுத்து உப்பும், பவர் மாறும். அதுவரை வாசிக்கக் கண்ணாடி தேடியவர் திடீரென்று கண்ணாடி இல்லாமலே நாளிதழ் வாசிப்பார், ஆனால் தூரத்தில் பஸ் எண் தெரியாது. மருந்து தொடங்கிச் சீனி இறங்கும்போது பவர் மறுபக்கம் மாறும். இந்த நேரத்தில் கண்ணாடி செய்தால் சில வாரத்தில் அது உதவாது. "சீனியைக் கட்டுப்படுத்திட்டு, நாலஞ்சு வாரம் ஒரே சீராக இருந்த பிறகு வாங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும். கடைக்கு வந்த ஆளைக் கண்ணாடி விற்காமல் அனுப்பும் மனம் இந்த வேலைக்குக் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. பவர் சரியாக இருந்து, அட்டையில் நல்ல பார்வைக்கான 6/6 வரிவரைக்கும் வாசித்தாலும், விழித்திரையில் இரத்தக் கசிவு இருக்கலாம். ஆரம்பத்தில் பார்வையில் ஒன்றும் தெரியாது. அதனால் இரண்டாம் வகை இனிப்புநீர் என்று தெரிந்த உடனேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் விழித்திரையைப் படம் எடுக்கும் வசதி பல இடங்களில் இருக்கிறது. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்று தட்டிக்கழிக்கிற அங்கிள்களிடம் இதைப் பொறுமையாக, அவர் படத்தையே திரையில் காட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளிகளைத் தன் கண்ணில் பார்த்த பிறகு பேசாமல் தேதி வாங்கிக்கொண்டு போவார்கள்.

பிள்ளைகளைப் பரிசோதிப்பது கஷ்டமா?

கஷ்டம் என்பதைவிட, வேறு மாதிரி. ஆறு வயதுப் பிள்ளை பொய் சொல்லாது, ஆனால் வெற்றி பெற ஆசைப்படும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னால் விரல் இடுக்கில் பார்க்கும். வலது கண்ணால் வாசித்த வரியை மனப்பாடமாக இடது கண்ணுக்கும் ஒப்பிக்கும். அதனால் நாமே மறைக்க வேண்டும், எழுத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்து தெரியாத பிள்ளைக்கு வீடு, ஆப்பிள் படங்கள் இருக்கின்றன. அதுவும் சில நிமிடம்தான். கவனம் போய்விட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்லலாம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், ஒரு கண் நன்றாகவும் ஒரு கண் மோசமாகவும் இருக்கிற பிள்ளை எதுவும் சொல்லாது. அதற்கு உலகமே அப்படித்தான். அந்த மோசமான கண்ணை மூளை பயன்படுத்தாமல் விட்டுவிட்டால் சோம்பேறிக்கண் ஆகிவிடும். கண்ணாடியும், நல்ல கண்ணை மறைத்துப் பயிற்சி கொடுப்பதும் ஏழெட்டு வயதுக்குள் நன்றாகப் பலன் தரும். பிறகு போகப் போகக் கடினம். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்க்கும்போது புத்தகப்பை, சீருடை எல்லாம் வாங்குகிறோம். அந்தப் பட்டியலில் கண் பரிசோதனையும் இருக்கட்டும்.

கிட்டப்பார்வை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் பிள்ளைகளுக்கு இப்போது வழிகள் உண்டு. ஏற்றத்தை மெதுவாக்கும் சிறப்பு லென்ஸ்கள், பகலில் போடும் காண்டாக்ட் லென்ஸ், இரவில் போட்டுத் தூங்கும் லென்ஸ், கண் டாக்டர் எழுதும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு. எதுவும் முழுசாக நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். காசு செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில், வெளியே விளையாடினால் கிட்டப்பார்வை தொடங்குவதே தள்ளிப்போகிறது. அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது சுலபமில்லை என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு பெற்றோரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன், விலைப்பட்டியலை அப்புறம்தான் எடுப்பேன்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கலர் லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். பவர் இல்லாத கலர் லென்ஸாக இருந்தாலும், பதிவு பெற்றவர் கண்ணை அளந்துதான் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் விற்பது சட்டப்படி குற்றம். கல்யாண வீட்டில் தோழிகள் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது அதைவிட மோசம்.

ஆப்டோமெட்ரிஸ்டுக்கு இதில் உள்ள வேலை லென்ஸைக் கொடுப்பதோடு முடியாது. போடவும் கழற்றவும் கற்றுக்கொடுக்க வேண்டும், சிலருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். பைப் தண்ணீர் லென்ஸில் படவே கூடாது என்று சொல்லும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிப்படலத்தில் புகுந்தால் மாதக்கணக்கில் வலியும் சிகிச்சையும், பார்வையே போகவும் வாய்ப்பு. காரணம் தெரிந்தவர்கள் பெட்டியைக் குழாயில் கழுவ மாட்டார்கள்.

எத்தனை மொழி தெரிய வேண்டும்?

கோலாலம்பூரில் மலாய், ஆங்கிலம் இல்லாமல் முடியாது. தமிழ் உங்கள் பலம். கொஞ்சம் கேன்டனீஸ் தெரிந்தால் வயதான சீனர்கள் முகம் மலரும், பினாங்கு என்றால் ஹொக்கியன். நான் சொல்வது மேலே, கீழே, இடது, வலது, தெளிவு, மங்கல், எண்கள். இவ்வளவு போதும்.

ஆனால் தமிழில் செய்வது தனி விஷயம். "டிஸ்டோர்ட் ஆகுதா?" என்று கேட்டால் பாட்டி தலையாட்டிவிடுவார். "கோடு நேரா இருக்கா, வளைஞ்சு நெளிஞ்சு தெரியுதாம்மா? நடுவுல எங்கயாவது அழிஞ்ச மாதிரி இருக்கா?" என்று கட்டத்தாளைக் காட்டிக் கேட்டால், அவர் விரலை வைத்து இடத்தைக் காட்டுவார். அந்த விரல் பட்ட இடம் விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு எங்கே என்று சொல்லிவிடும். தோட்டத்தில் வளர்ந்து, மகன் வீட்டோடு நகரத்துக்கு வந்த முதியவர்கள் பலர் தங்கள் கண்ணைப் பற்றித் தங்கள் மொழியில் யாரிடமும் சொன்னதே இல்லை. பேத்தி மொழிபெயர்த்துச் சொல்வது பாதிதான் வந்து சேரும். நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு இதுதான் பெரிய காரணம்.

கைவேலை அதிகமா?

நிறைய உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூக்குத்தாங்கியை வளைப்பது, காதுப்பக்கம் சூடாக்கி மடக்குவது, பிரேம் முகத்தில் சாய்கிறதா என்று பார்ப்பது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகச் செய்யும் புரோகிரசிவ் லென்ஸில் கண்மணி உயரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறாகக் குறித்தாலே அவர் வாசிப்பதற்கு நாடியைத் தூக்கிக்கொண்டே இருப்பார். குறிக்கும்போது அவர் இயல்பாக நிற்க வேண்டும், நாமும் அவர் கண் மட்டத்துக்கு வர வேண்டும். முகத்தில் கை வைப்பதற்கு முன் கேட்டுவிட்டு வைக்க வேண்டும். கை சுத்தமாக இருக்க வேண்டும், குளிர்ச்சியாக இருக்கக் கூடாது.

கடையில் விற்கச் சொல்லி நெருக்குவார்களா?

சில இடங்களில் உண்டு. அடிப்படைச் சம்பளத்தோடு கமிஷனும் சேர்ந்துதான் பல கடைகளில் ஊதியம். 0.25 மாற்றத்துக்குப் புது லென்ஸ் தேவையா என்ற கேள்வியில் நம் பணமும் கலந்துவிடுகிறது. பழைய கண்ணாடியையும் புதுப் பவரையும் மாற்றி மாற்றி அவருக்கே காட்டிவிடுவது என் வழக்கம். வித்தியாசம் தெரியவில்லை என்றால் "இதையே போடுங்க, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றுவிடுவேன். வேலைக்குச் சேரும்போதே இலக்கு எவ்வளவு, ஒரு பரிசோதனைக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் ஒருவரை முடிக்கச் சொல்லும் இடத்தில் மேலே எழுதிய எதையும் செய்ய முடியாது.

வேலை நேரம் எப்படி? பெண்களுக்கு ஒத்துவருமா?

பேரங்காடிக் கடை என்றால் காலை பத்திலிருந்து இரவு பத்து வரை ஷிப்ட், சனி ஞாயிறு கட்டாயம், பெருநாளுக்கு முன் மூச்சு விட நேரமிருக்காது. மருத்துவமனை என்றால் அலுவலக நேரம், ஆனால் அரசாங்கத்தில் இடம் குறைவு, ஒப்பந்த அடிப்படையில் எடுப்பதும் உண்டு. பெண்கள் இந்தத் துறையில் நிறையவே இருக்கிறார்கள். வகுப்பில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தான்.

கடையைத் தவிர வேறு எங்கே வேலை கிடைக்கும்?

அரசாங்க, தனியார் மருத்துவமனைகளின் கண் பிரிவு, கண்புரை அறுவைக்கு முன் லென்ஸ் அளவெடுக்கும் வேலை, லென்ஸ் நிறுவனங்கள், பல்கலைக்கழகம். எனக்கு மிகவும் மதிப்பு உள்ள பிரிவு குறைபார்வை உள்ளவர்களுக்கான சேவை. கண்ணாடியால் சரிசெய்ய முடியாத பார்வையோடு இருப்பவருக்கு உருப்பெருக்கி, ஒளி, பெரிய எழுத்து, மாறுபட்ட நிறம் எனத் தேடித் தேடி, அவர் செய்ய ஆசைப்படுகிற ஒரு காரியத்தைச் செய்யவைப்பது. பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கமும், பினாங்கில் செயின்ட் நிக்கலஸ் இல்லமும் பார்வையிழந்தவர்களோடு நெடுங்காலமாக இயங்குகின்றன. மாணவர்கள் ஒரு முறையாவது அங்கே போய்ப் பார்க்க வேண்டும். மருந்துப் பொட்டலத்தில் உள்ள எழுத்தைத் தானே வாசிக்க முடிந்தால் போதும் என்று வருகிறவரிடம் 6/6 அட்டைக்கு வேலையே இல்லை.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை விடுமுறையில் கண்ணாடிக் கடையில் வேலை செய்து பார்க்கலாமா?

தாராளமாக. கடை முன்னால் நிற்பது, பிரேம் எடுத்துக் காட்டுவது, லென்ஸ் துடைப்பது, பதிவேடு எடுத்துக் கொடுப்பது போன்ற வேலை கிடைக்கும். பவர் பார்க்கவோ காண்டாக்ட் லென்ஸ் கொடுக்கவோ கூடாது, யார் சொன்னாலும் செய்ய வேண்டாம். வருகிறவர்கள் சம்மதித்தால் இருட்டறையின் ஓரத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலான ஆப்டோமெட்ரிஸ்டுகள் மறுக்க மாட்டோம். சின்ன நோட்டுப்புத்தகம் கொண்டு வாருங்கள், கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். சனிக்கிழமை வேண்டாம், வாரநாளில் மதியத்துக்குப் பிறகு வந்தால் நின்று விளக்க எங்களுக்கும் நேரம் இருக்கும்.